ஆரல் என்று வந்த விலாங்கு: நன்னீர்த் தொட்டியில் ஏழு ஆண்டுகள், ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு மீனைப் பற்றிய பதிவு. ஆரல் என்று நினைத்து வாங்கப்பட்ட ஒரு விலாங்குக் குஞ்சு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் வீட்டுத் தொட்டியில் நன்றாகவே வளர்ந்தது. பிறகு வீட்டில் வைத்திருக்க முடியாத கட்டத்துக்கு வந்தது. வளர்த்தவர் மீன் வளர்ப்பில் நல்ல அனுபவம் உள்ளவர். தண்ணீர்ப் பரிசோதனை, உணவு, நீளம் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம் உடையவர். முதல் ஆண்டிலிருந்தே அவர் என்னிடம் ஆலோசனை கேட்டுவந்தார். அவருடைய குறிப்பேட்டையும் படங்களையும் வைத்து, அவர் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன்.

பின்னணி

மீன் வளர்ப்பில் 'ஈல்' என்று விற்கப்படுபவை பலவும் விலாங்கு வரிசையைச் சேர்ந்தவை அல்ல. ஃபயர் ஈல், டயர் ட்ராக் ஈல் இரண்டும் ஆரல் குடும்பம். மின்சார ஈல், கத்தி மீன்களின் உறவு. ரோப் ஃபிஷ் எனப்படும் கயிற்று மீன், பிச்சிர் மீன்களின் உறவு. நீண்ட உடம்பு ஒன்றுதான் இவற்றுக்குப் பொது. உண்மையான விலாங்குகளில் மிகப் பெரும்பாலானவை கடல் மீன்கள். ஆறு, ஏரிகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி வளர்பவை என்றால் முக்கியமாக அங்குவில்லா பேரினத்தைத்தான் சொல்ல வேண்டும்.

நமக்கு வேண்டிய அளவுக்கு அதன் வாழ்க்கை இதுதான். பிறப்பு நடுக்கடலில். இலை போன்ற தட்டையான குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து கரையை நெருங்கும்போது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு விலாங்காக மாறுகிறது. அப்புறம் நிறம் ஏறி ஆற்றுக்குள் நுழைகிறது. அங்கே பல ஆண்டுகள் மஞ்சள் விலாங்கு என்ற வளரும் பருவம். கடைசியில் வெள்ளி விலாங்காக மாறி, முட்டையிடக் கடலுக்குத் திரும்புகிறது. ஐரோப்பிய விலாங்கு வட அட்லாண்டிக்கின் நடுவில் உள்ள சர்காசோ கடலில் பிறக்கிறது என்று டேனிஷ் ஆய்வாளர் யோஹன்னஸ் ஷ்மிட் எழுதியது 1922இல். ஜப்பானிய விலாங்கின் முழு வாழ்க்கைச் சுழற்சியை ஆய்வகத்துக்குள் முடித்துக்காட்ட 2010 வரை ஆனது. வீட்டுத் தொட்டியில் எந்த விலாங்கும் குஞ்சு பொரித்ததில்லை. ஆகவே யாரிடமாவது ஒரு விலாங்கு இருந்தால், அது கடலிலிருந்து ஆற்றுக்கு வரும் வழியிலோ ஆற்றிலோ பிடிக்கப்பட்டதுதான்.

முதல் மாதங்கள்: அடையாளம்

வளர்த்தவர் வாங்கியது ஆரல் குஞ்சுகள் சில. அவற்றில் ஒன்று மட்டும் சுமார் 12 செ.மீ. நீளத்தில், மற்றவற்றைவிட உருண்டையாக, ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தது. 90 செ.மீ. நீளமுள்ள, 180 லிட்டர் கொள்ளும் தொட்டியில் எல்லாம் சேர்ந்தே விடப்பட்டன. கூடவே சிறிய பார்ப் மீன்களும் இருந்தன.

மூன்றாம் மாதம் அவர் எனக்குப் படங்கள் அனுப்பினார். "இது மட்டும் வேறு மாதிரி நீந்துகிறது" என்பது அவர் கேள்வி. படத்திலேயே பதில் தெரிந்தது. ஆரலுக்கு முதுகுத் துடுப்புக்கு முன்னால் தனித்தனி முட்கள் வரிசையாக இருக்கும். மூக்கு நீண்டு, சதைப்பற்றோடு கூர்மையாக முடியும். இதற்கு முள் எதுவும் இல்லை. முதுகுத் துடுப்பு வாலைச் சுற்றி வந்து அடித் துடுப்போடு ஒன்றாகச் சேர்ந்திருந்தது. செவுள் துளைக்குப் பின்னால் சிறிய பக்கத் துடுப்புகள் இருந்தன. வயிற்றுத் துடுப்பு இல்லை. பக்கத் துடுப்பு இருப்பதால் மோரே ஈல் எனப்படும் அஞ்சாலை அல்ல, சேற்று விலாங்கு எனப்படும் மோனோப்டெரஸும் அல்ல. முதுகுத் துடுப்பு ஏறக்குறைய மலத்துளைக்கு நேர் மேலே தொடங்கியதாலும், உடலில் புள்ளியோ திட்டோ இல்லாததாலும், குட்டைத் துடுப்பு விலாங்குகளில் ஒன்றான அங்குவில்லா பைகலராக இருக்கலாம் என்று முடிவு செய்தோம். படத்தை மட்டும் வைத்து இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது சரியில்லை.

இந்த அடையாளத்தால் கணக்கே மாறியது. அவர் வாங்க நினைத்த ஆரல் 25 செ.மீ.யில் நின்றுவிடும் வகை. பைகலர் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடியது. இன்னொரு விஷயமும் உண்டு. அங்குவில்லா விலாங்குகளில் ஆணா பெண்ணா என்பதில் வளரும் சூழலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நெருக்கமாக வளர்பவற்றில் ஆண்கள் அதிகம், நெருக்கம் குறைந்த இடத்தில் பெண்கள் அதிகம். பெண் விலாங்கு ஆணைவிட மிகப் பெரிதாக வளரும், வளரும் பருவத்தில் அதிக ஆண்டுகள் இருக்கும். தொட்டியில் தனியாக வளரும் விலாங்கு பெண்ணாகிப் பெரிதாக வளரத்தான் வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது பாதுகாப்பு.

அப்போதே வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் வைத்துக்கொள்ள விரும்பினார். இரண்டு ஆண்டுகளுக்குள் பெரிய தொட்டி வாங்குவது என்று பேசி முடித்தோம்.

காணாமல்போன பார்ப் மீன்கள்

முதல் ஆண்டு முடிவதற்குள் பார்ப்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தொட்டியில் ஒரு செத்த மீன்கூடக் கிடைக்கவில்லை. நோய் என்று நினைத்து அவர் தண்ணீரை இரண்டு முறை முழுவதுமாகப் பரிசோதித்தார். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். இரவில் சிவப்பு விளக்கு வைத்துப் பார்க்கச் சொன்னேன். விளக்கணைத்துச் சிறிது நேரத்தில் விலாங்கு குழாயிலிருந்து வெளியே வந்து, தூங்கும் மீன்களை மோப்பத்தாலேயே தேடிப் போவதை அவர் நேரில் பார்த்தார். பகலில் மண்ணுக்குள் கிடக்கும் சாதுவான பிராணி இரவில் வேட்டை மிருகம். மிச்சமிருந்த பார்ப்களும் ஆரல்களும் வேறு தொட்டிக்குப் போயின. அதன்பின் விலாங்கு தனியாகவே இருந்தது. எனக்குத் தெரிந்தவரை அதுதான் அதற்கும் நல்லது, மற்ற மீன்களுக்கும் நல்லது.

தரையில் கிடந்த இரவு

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், மீன் சுமார் 35 செ.மீ. இருந்தபோது, காலையில் தொட்டி காலியாக இருந்தது. மூடி இருந்தது, தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் குழாய் நுழைவதற்காக மூடியின் மூலையில் வெட்டியிருந்த இடைவெளிதான் வழி. விலாங்கு தலை நுழையும் இடத்தில் உடம்பு முழுவதையும் நுழைத்துவிடும். வாலை முன்னால் விட்டு வழி தேடவும் அதற்குத் தெரியும்.

தொட்டி வைத்த மேசைக்குப் பின்னால், சுவரோரம், தூசி ஒட்டிய நிலையில் மீன் கிடந்தது. செத்துவிட்டது என்றே அவர் நினைத்தார். தொட்டபோது மெதுவாக வளைந்தது. விலாங்குக்குத் தேவையான ஆக்ஸிஜனில் கணிசமான பங்கைத் தோல் வழியாகவே எடுத்துக்கொள்ள முடியும். தோல் ஈரமாகவும் சூழல் குளிர்ச்சியாகவும் இருக்கும்வரை நீருக்கு வெளியே மணிக்கணக்கில் தாங்கும். ஈரம் போய்விட்டால் அந்த வசதியும் போய்விடும். இங்கே உடம்பின் பின்பாதி காயத் தொடங்கியிருந்தது.

அவர் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் செய்தது இது. துணியால் துடைக்கவில்லை, துடைத்தால் வழவழப்புப் படலம் உரிந்துவிடும். ஈரக் கையால் எடுத்து, தொட்டித் தண்ணீரையே மெதுவாக ஊற்றித் தூசியைக் கழுவினார். ஆழமில்லாத ஒரு வாளியில் தொட்டித் தண்ணீர், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன், மேலே இறுக்கமான மூடி, சுற்றி இருட்டு. மதியத்துக்குள் செவுள் சீராக அசைந்தது. மாலையில் தொட்டிக்குத் திரும்பியது.

மறுநாள் பக்கவாட்டில் உரசல் காயங்கள் வெளுத்துத் தெரிந்தன. பூஞ்சை வரக்கூடாது என்று தாமிரம் கலந்த மருந்து ஒன்றைப் போட நினைத்தார். வேண்டாம் என்றேன். விலாங்கின் செதில்கள் மிகச் சிறியவை, தோலுக்குள் புதைந்தவை. அதனால் பொதுவாக விலாங்கு வளர்ப்பவர்கள் தாமிரம், ஃபார்மலின் போன்றவற்றில் கூடுதல் கவனமாக இருக்கிறார்கள். அதே நேரம் இது ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் மீன். உப்பை மற்ற நன்னீர் மீன்களைவிட எளிதாகத் தாங்கும். லிட்டருக்கு 3 கிராம் கணக்கில், இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கரைத்தார். உணவு சில நாள் நிறுத்தம். மூன்று வாரத்தில் காயம் ஆறியது, வாலோரத்தில் ஒரு சிறு வெட்டு மட்டும் நிலையாக நின்றது. பிற்பாடு படங்களில் அந்த மீனை அடையாளம் காண அதுவே உதவியது.

இன்னொரு எச்சரிக்கையையும் சொன்னேன். விலாங்கின் பச்சை ரத்தத்தில் நச்சுத்தன்மை உண்டு; சமைக்கும் சூட்டில் அது போய்விடும். காயம்பட்ட மீனைக் கையாண்ட கையால் கண்ணைத் தொடக்கூடாது.

புதிய தொட்டியும் நடுவில் வந்த ஆண்டுகளும்

இரண்டாம் ஆண்டு முடிவில் 180×60×60 செ.மீ. தொட்டி வந்தது, சுமார் 650 லிட்டர். இந்த முறை மூடியைத்தான் முதலில் வடிவமைத்தார்கள். தடித்த கண்ணாடித் துண்டுகள், ஓரமெல்லாம் பொருத்தும் பட்டை, குழாய்கள் நுழையும் இடத்தில் அளவெடுத்து வெட்டிய கடினமான ஸ்பாஞ்ச், மேலே எடை. தண்ணீர் மட்டம் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே. ஃபில்டர் உறிஞ்சும் வாய்க்குத் துளையுள்ள உறை. பக்கவாட்டில் ஓவர்ஃப்ளோ, அதாவது தண்ணீர் வழிந்து இறங்கும் பெட்டி, வைக்கும் யோசனையைக் கைவிட்டார். அந்தப் பெட்டிக்குள் விலாங்கு இறங்காமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

தரையில் மிருதுவான மெல்லிய மணல். கூர்மையான சரளை வேண்டாம், ஏனென்றால் அது புதைந்து படுக்கும். மீனின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு பிவிசி குழாய். இந்தக் குழாய்தான் ஆண்டுகள் கழித்து எங்கள் காரியத்தைச் சுலபமாக்கியது. வெப்பம் 25, 26 டிகிரி. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம்.

உணவு வாரம் மூன்று முறை. மண்புழு, மட்டிச் சதை, இறால், எப்போதாவது மீன் துண்டு. முதலில் அவர் உறைய வைத்த இறால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் அதைத்தான் ஆசையாகத் தின்றது. பச்சை இறாலிலும் சில வகை மீன்களிலும் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் தையமினேஸ் என்ற நொதி உண்டு. ஒரே உணவாக நீண்டகாலம் கொடுத்தால் குறைபாடு வரும். கலந்து கொடுக்கத் தொடங்கியதும் அந்தக் கவலை போயிற்று. பெரிய துண்டு கொடுத்தால் விலாங்கு கடித்துக்கொண்டு தன் உடம்பையே திருகுபோலச் சுழற்றிப் பிய்க்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அந்தச் சுழற்சியில் விரல் மாட்டினால் வேடிக்கை போய்விடும். நீண்ட இடுக்கி அவசியம்.

நான்காம் ஆண்டில் 55 செ.மீ., ஆறாம் ஆண்டு முடிவில் 70ஐத் தொட்டது. இந்தக் காலத்தில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. மீன் நன்றாக இருந்தால் குறிப்பேடு சலிப்பாகத்தான் இருக்கும்.

உணவை நிறுத்தியது

ஏழாம் ஆண்டில் உணவு குறைந்தது. முதலில் மீன் துண்டை விட்டது, பிறகு இறாலை, கடைசியில் மண்புழுவையும். ஐந்து வாரம் எதுவுமே தின்னவில்லை. இரவு முழுக்கத் தொட்டியின் நீளவாக்கில் நீந்திக்கொண்டே இருந்தது. மூடியைத் தலையால் முட்டியது. தண்ணீர் மாற்றிய இரவுகளில் இது அதிகம் என்று அவர் குறித்திருந்தார்.

குடல் புழுவாக இருக்கும் என்று அவர் கருதினார். மருந்தும் வாங்கி வைத்திருந்தார். அதைப் போடுவதற்கு முன் மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்குவோம் என்றேன். வெப்பம் இறங்கினால் விலாங்கு தின்னாது. இங்கே வெப்பம் மாறவில்லை. அம்மோனியா இல்லை, நைட்ரேட் வழக்கம்போலக் குறைவு. கழிவு நூல்போல் இல்லை, வயிறு உப்பவில்லை, மூச்சு வேகமாக இல்லை. உடம்பு மெலியவும் இல்லை. ஐந்து வாரம் பட்டினி கிடக்கும் நோயாளி மீன் இப்படித் தடித்து இருக்காது. இதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

பகல் வெளிச்சத்தில், கண்ணாடியை ஒட்டி, அளவுகோல் வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். முந்தைய ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்தோம். முதுகு கறுத்திருந்தது, வயிறு மஞ்சள் போய் வெண்மையாக மின்னியது. பக்கத் துடுப்பு நீண்டு கருமை ஏறியிருந்தது. கண்கள்தான் பெரிய வித்தியாசம்.

கண் அளவை வைத்து வெள்ளிப் பருவத்தைக் கணிக்க ஒரு முறை உண்டு. 1982இல் பாங்க்ஹர்ஸ்ட் ஐரோப்பிய விலாங்குக்காக முன்வைத்தது. கண்ணின் கிடை, குத்து விட்டங்களைக் கூட்டி நான்கால் வகுத்து, வர்க்கமாக்கி, π (பை, சுமார் 3.14) என்ற எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். எல்லாம் மில்லிமீட்டரில். 6.5ஐத் தாண்டினால் முதிர்ச்சியை நோக்கிப் போகிறது என்று பொருள். முந்தைய ஆண்டு: நீளம் 660, கண் 5.5, விடை 3.6. இப்போது: நீளம் 720, கண் 8, விடை ஏறக்குறைய 7. வேறு இனத்துக்கு இந்த எல்லைக்கோட்டை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் ஒரே மீனில் ஓராண்டில் எண் இரட்டிப்பாவது, மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்தால், சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. மீனுக்கு நோய் இல்லை. அது கடலுக்குக் கிளம்பியிருந்தது. வெள்ளி விலாங்கு தின்பதை நிறுத்திவிடும், குடல் சுருங்கும், சேர்த்துவைத்த கொழுப்பில் பயணம் போகும். இருட்டு இரவுகளில், ஆற்றில் நீர் பெருகும்போது இறங்கும். தண்ணீர் மாற்றிய இரவுகளின் அலைச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மருந்துப் பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை.

முடிவு எடுத்தது எப்படி

வளர்த்தவருக்கு முதலில் தோன்றியது, ஆற்றில் விட்டுவிடலாம் என்பது. ஏழு ஆண்டு வளர்த்த மீன் போக விரும்புகிறது, விடுவதுதானே நியாயம் என்றார். அந்த உணர்வைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மீன் எந்த ஆற்று முகத்தில் பிடிக்கப்பட்டது என்று தெரியாது. இனமே படத்தை வைத்து ஊகித்ததுதான். வளர்ப்புத் தொட்டியில் மற்ற மீன்களோடு இருந்த மீன் எதைச் சுமந்து போகும் என்று சொல்ல முடியாது. கிழக்காசிய விலாங்குகளின் காற்றுப்பையில் வாழும் ஆங்குவில்லிகோலா கிராஸஸ் என்ற உருளைப்புழு 1980களில் உயிருள்ள விலாங்கு வணிகத்தோடு ஐரோப்பாவுக்குள் நுழைந்து, அங்குள்ள விலாங்குகளிடம் பரவிவிட்டது. பல நாடுகளில் வளர்ப்பு மீனை இயற்கை நீரில் விடுவதே குற்றம். அந்த வழியை விட்டோம்.

அதே தொட்டியில் வைத்துக்கொள்வது இரண்டாவது வழி. வெள்ளிப் பருவத்தில் தடுக்கப்பட்ட விலாங்குகள் சில, திரும்பவும் தின்னத் தொடங்கிப் பழைய நிலைக்கு வருவதுண்டு. அது நடக்கும்வரை மூடியில் முட்டி முட்டி மூக்கு புண்ணாகும். ஏற்கெனவே ஆகத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது, பெரிய தொட்டிகளும் கடல்நீர் வசதியும் உள்ள ஒரு பொது மீன் காட்சியகம். வளர்த்தவர் குறிப்பேட்டின் நகல், படங்கள், கண் அளவுக் கணக்கு எல்லாவற்றையும் அனுப்பினார். எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஐரோப்பிய விலாங்காக இருந்திருந்தால் இவ்வளவு எளிதாக இருந்திருக்காது. அது மிக அருகிய இனப் பட்டியலில் இருக்கிறது. 2009 முதல் அதன் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது.

வலை போடவில்லை. பகலில் அது குழாய்க்குள் படுத்திருந்தபோது இரு முனைகளையும் வலை மூடியால் அடைத்து, குழாயோடு தூக்கி, பூட்டு மூடி கொண்ட பெட்டியில் வைத்தார்கள். உடல் மூழ்கும் அளவுத் தண்ணீர், மின்கலத்தில் ஓடும் ஏர் பம்ப், மேலே ஈரத்துணி. ஒரு செதில்கூட உரியாமல் போய்ச் சேர்ந்தது.

பின்னர் நடந்தது

காட்சியகத்தில் முதலில் தனித் தொட்டி. அங்கும் தின்னவில்லை, அங்கும் இரவெல்லாம் சுற்றியது. பிறகு சில வாரங்களில் உப்பைப் படிப்படியாக ஏற்றிக் கடல்நீர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். உப்பு ஏறியபின் அலைச்சல் கண்கூடாகக் குறைந்தது. உப்பினாலா, பெரிய இடத்தினாலா என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு மீன் போதாது. மூக்குப் புண் ஆறியது. வீட்டில் தின்பதை நிறுத்தி ஏழு மாதம் கழித்து ஒரு துண்டு கணவாயை எடுத்தது. அதன்பின் ஒழுங்கில்லாமல், ஆனால் தொடர்ந்து தின்கிறது. கண் சுருங்கவில்லை.

எதை மாற்றலாம்

வாங்கும் இடத்திலேயே முதுகைப் பார்த்திருந்தால் இந்த மீன் வந்திருக்காது. முள் வரிசை இல்லை, வாலைச் சுற்றி ஒரே துடுப்பு, சிறு பக்கத் துடுப்பு: இவை சேர்ந்து இருந்தால் ஆரல் என்று யார் சொன்னாலும் வாங்க வேண்டாம். அஞ்சாலைகளை 'நன்னீர் மோரே' என்று விற்பதும் உண்டு. அவற்றில் பலவும் உவர்நீர் மீன்கள். நன்னீரில் மெல்ல மெல்ல நலிந்துபோகும். அங்குவில்லாவிடம் அந்தப் பிரச்சினை இல்லை, நன்னீரில் அருமையாக வாழும். வளர்ப்பவரை ஏமாற்றுவதும் அதுதான்.

மூடி, தொட்டி வாங்கும் நாளிலேயே முடிந்திருக்க வேண்டும். கண்ணையும் நீளத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை அளவுகோலோடு படமெடுப்பதை மூன்றாம் ஆண்டிலிருந்தே தொடங்கலாம். இங்கே முந்தைய ஆண்டுப் படத்தில் அளவுகோல் இருந்தது தற்செயல்.

எங்கே அனுப்புவது என்ற ஏற்பாட்டை மீன் 40 செ.மீ. ஆவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். காட்சியகங்கள் எல்லா மீனையும் எடுப்பதில்லை. இந்த மீனை எடுத்ததற்கு ஏழு ஆண்டுக் குறிப்பேடு ஒரு காரணம் என்று அவர்களே சொன்னார்கள். வாங்கிய நாள், தொட்டியில் கூட இருந்த மீன்கள், போட்ட மருந்துகள், உப்பு அளவு ஆகிய நான்கையும்தான் அவர்கள் முதலில் கேட்டார்கள்.